ரைட் சொன்னது நான்தான்

கல்யாணப் பந்தியில் வைத்து வாக்குக் கொடுத்தவர் என் கணவர். அதைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் அவரைக் குறை சொல்லிக்கொண்டு வர வேண்டாம்.

எங்களுக்கு ஒரே மகன், மஸ்கட்டில் வேலை. அவனுடைய கல்யாணம் முந்தின வருஷம் ஆவணியில் நடந்தது. மருமகளின் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வெள்ளைச் சட்டை, அளந்த பேச்சு. பந்தியில் பாயசம் விளம்பிக்கொண்டிருந்தபோது என் கணவர் அவர் பக்கம் சாய்ந்தார்.

"அண்ணாச்சி, மக்கமாரு அடுத்த லீவுக்கு வரட்டு. ரெண்டு குடும்பமும் சேந்து ஒரு டூரு போவோம். கோயிலு, மல, காடு, மூணும் ஒரே சுத்துல. வண்டி நான் ஓட்டுகேன்."

"அண்ணாச்சி ஓட்டினா நான் கண்ண மூடிட்டு இருப்பேனே" என்றார் சம்பந்தி.

அது வெறும் உபசாரப் பேச்சு இல்லை. என் கணவர் முப்பத்தோரு வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். மதுரை, கோவை, ஊட்டி என்று நீண்ட ரூட்டெல்லாம் பார்த்து முடித்து, கடைசி எட்டு வருஷம் தக்கலையிலிருந்து பேச்சிப்பாறை, கோதையாறு மலை ரூட்டில் இருந்தார். ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை. நானும் சும்மா இருந்தவள் இல்லை, இருபத்திரண்டு வருஷமாக அங்கன்வாடியில் ஊர்ப் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறேன். ஆனாலும் எங்கள் தெருவில் ஒரு ஆள் என்னை டீச்சர் என்று கூப்பிட்டதில்லை. டிரைவரம்மாதான். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. பெருமைதான். அந்தப் பெருமைதான் எனக்கு வினையாக வந்தது.

அடுத்த வருஷம் ஐப்பசியில் மகன் பணம் அனுப்பி, ஏழு பேர் உட்காரும் பழைய வண்டி ஒன்றை வாங்கச் சொன்னான். தை மாசம் அவனுக்கு லீவு. என் கணவர் பழைய காலண்டர் தாளைக் கிழித்து, சாப்பாட்டு மேசையில் மல்லாக்கப் போட்டு, பென்சிலால் ரூட் எழுத உட்கார்ந்தார். முதலில் சுசீந்திரத்தில் தாணுமாலயனைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்புவது. மதுரை மீனாட்சி, பழனி முருகன். அங்கிருந்து மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டி. கடைசியில் கூடலூர் இறங்கி முதுமலைக் காட்டில் சஃபாரி. மூன்று நாள் டூர். இது அவர் வாயால் சொன்னது. தாளில் எழுதியது வேறு.

நான் காப்பி கொண்டு வைக்கும்போது பார்த்தேன். சுசீந்திரம், மதுரை, கோவில்பட்டி, பழனி என்று இருந்தது.

"மதுரைக்குப் பொறவு கோவில்பட்டி எங்கேருந்து வந்தது? ரோட்ட மாத்திப் போட்டுட்டானுவளா?" என்று கிண்டல் செய்தேன்.

வழக்கமாக இப்படிச் சொன்னால் பதிலுக்கு ஏதாவது நக்கல் வரும். அன்றைக்கு வரவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா, இல்லியா" என்று சொல்லி அழித்தார். மறுநாள் புதுத்தாளில் கோவில்பட்டி மறுபடியும் மதுரைக்கு அப்புறம் இருந்தது. அதற்கடுத்த நாள் ஊட்டி இரண்டு இடத்தில் வந்தது, மேட்டுப்பாளையத்தைக் காணோம். முப்பத்தோரு வருஷம் அந்த ரோட்டைத் தேய்த்த மனுஷன். அவர் குளிக்கப் போன நேரம் அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். வேறு தாளில், அவர் எழுதுகிற மாதிரியே எழுத்தைச் சாய்த்து, சரியான ரூட்டை எழுதி வைத்தேன். அவர் வந்து அதை எடுத்துப் படித்துவிட்டு, தான் எழுதியது என்றே நினைத்துத் தலையாட்டினார்.

வயசாகிறது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டாக்டரிடம் கூட்டிப்போகலாம்தான். ஆனால் எங்கள் ஊர் ஆஸ்பத்திரி வாசலில் செருப்பைக் கழற்றிப் போடுவதற்குள் இன்னார் இன்னாருக்காக வந்திருக்கிறார் என்று நாலு தெருவுக்குத் தெரிந்துவிடும். டிரைவருக்குப் புத்தி மாறிப்போச்சாம் என்று எவளாவது பேசுவதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

மார்கழியில் ஒருநாள் காலை, "ஏட்டி, வா, கை பழகணும். மல ரோட்டுல ஒரு தடவ ஏறி எறங்கிட்டு வருவோம்" என்றார். குலசேகரம் தாண்டி, பேச்சிப்பாறை தாண்டி, கோதையாறு ரோட்டில் ஏறினோம். என்ன அருமையாக ஓட்டினார் தெரியுமா! வளைவுகளில் வண்டி குலுங்கவே இல்லை. நானும் ஒரு கிறுக்கி, வீணாகப் பயந்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ரப்பர் தோட்டம் முடிகிற இடத்தில் வண்டியை மெதுவாக இடதுபக்கம் ஒதுக்கி நிறுத்தினார். பாசி பிடித்த ஒரு நிழற்குடை மட்டும் இருந்தது. கடையில்லை, ஆளில்லை. ஒன்றுக்குப் போக நிறுத்துகிறார் என்று நினைத்தேன். அவர் இறங்கவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, கை ஸ்டியரிங்கில் இருந்தது, கண் பக்கவாட்டுக் கண்ணாடியில் இருந்தது. இரண்டு நிமிஷம் போயிற்று.

"எதுக்கு நிறுத்திட்டிய?"

"விசில் வரல" என்றார், ரொம்பச் சாதாரணமாக.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பின்னால் வந்த ஜீப் ஒன்று ஹார்ன் அடித்து எங்களைத் திட்டிவிட்டுக் கடந்து போனது. அவர் கண்ணாடியை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. கண்டக்டர் பின்னாலிருந்து விசிலடிக்க வேண்டும், ஆள் ஏறி இறங்கி முடிந்தது என்று சொல்ல வேண்டும், அதுவரை டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். ஐயோ சாமி! அந்தக் காட்டு ரோட்டில் கூப்பிட்டாலும் கேட்க ஆளில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், "ரைட்... ரைட், போலாம்" என்றேன்.

வண்டி நகர்ந்தது. அவர் பாட்டுக்கு நேந்திரம் பழத்தின் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மேலே போய்த் திரும்புவதற்குள் இன்னும் ஆறு இடத்தில் நிறுத்தினார். ஆறு இடத்திலும் நான் ரைட் சொன்னேன்.

அன்றைக்கே மகனுக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும். வேறு எந்த வீடாக இருந்தாலும் பண்ணியிருப்பார்கள். ஒரு டிரைவரின் பெண்டாட்டிக்குத்தான் இந்தப் புத்தி வரும்: கையும் காலும் நன்றாகத்தானே இருக்கிறது, கண்டக்டர் ஒரு ஆள் குறைகிறது, அவ்வளவுதானே, நான் பக்கத்தில் உட்கார்ந்தால் போகிறது. இப்படித்தான் நினைத்தேன். நினைத்தது மட்டுமில்லை, ஒரு மாசம் தினமும் காலையில் அவரோடு வண்டியில் போய்ப் பழகினேன். எங்கே நிறுத்துவார் என்று முன்கூட்டியே தெரிய ஆரம்பித்தது. நிறுத்தும் முன்பே ரைட் சொன்னால் நிறுத்தாமலே போய்விடுவார் என்பதையும் கண்டுபிடித்தேன். அதில் எனக்கு ஒரு சாமர்த்தியம் வந்துவிட்டதாக நினைத்துச் சந்தோஷம் வேறு.

மகனும் மருமகளும் வந்தார்கள். பொங்கல் கழிந்த மறுநாள், டூரைப் பற்றிப் பேசி முடிவெடுக்கச் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் வருவதாக இருந்தது. அன்று காலையிலேயே என் கணவரை அடுக்களையில் நிறுத்தி, அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் சொல்லிக்கொடுத்தேன்.

"மதுரைக்குப் பொறவு?"

"பழனி."

"பழனிக்குப் பொறவு?"

"மேட்டுப்பாளையம்."

"மேட்டுப்பாளையத்துக்குப் பொறவு?"

கொஞ்சம் யோசித்தார். "நீ சொல்லு" என்றார். சொன்னேன். திருப்பிச் சொன்னார். சண்டை போடவில்லை, கோபப்படவில்லை. எதற்கெடுத்தாலும் என்னிடம் எகிறுகிற மனுஷன் அன்றைக்குக் கைகட்டி நின்று ஒப்பித்தார். அதைப் பார்த்தாவது எனக்கு நெஞ்சு வெடித்திருக்க வேண்டும். எனக்கு மத்தியானச் சமையல்தான் கவலையாக இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் உட்கார்ந்தோம். என் கணவர் ரூட்டை அழகாகச் சொன்னார். சம்பந்தி ஒவ்வொரு ஊருக்கும் தலையாட்டினார். அப்புறம் மகன் போனைப் பார்த்து முதுமலை விதிகளைப் படித்தான்.

"காட்டு ரோட்டுல எங்கயும் வண்டிய நிறுத்தக் கூடாது. எறங்கக் கூடாது. ஹார்ன் அடிக்கக் கூடாது. யானை, காட்டெருமை குறுக்க வரும், நிறுத்தினா ஆபத்து."

எங்கயும் நிறுத்தக் கூடாது என்பதை அவன் இரண்டு தடவை படித்தான்.

சம்பந்தி, "அண்ணாச்சி, ஆனை முன்னால வந்து நின்னா என்ன செய்வோம்?" என்று சும்மா கேட்டார்.

அது நான் சொல்லிக்கொடுத்த பாடத்தில் இல்லை. என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். பெண்டாட்டியிடம் கேட்டுத்தான் பதில் சொல்வாராக்கும் என்று சம்பந்தியம்மா சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் முந்திக்கொண்டு, "இவரு பாக்காத ஆனையா? கோதையாறு ரூட்டுல எத்தன பாத்தாச்சு!" என்றேன். பேச்சு அப்படியே திரும்பிவிட்டது.

யார் எங்கே உட்காருவது என்று வந்தபோது, "மாமா முன்னால இருக்கட்டும்" என்றான் மகன். அதுதான் மரியாதை. பெண்ணைக் கொடுத்தவரைப் பின்னால் தள்ளி நான் முன்னால் உட்காருவது எங்கள் பக்கத்தில் நடக்கிற காரியமா? ஆனாலும் வெட்கத்தை விட்டுச் சொன்னேன்.

"எனக்குப் பின்னால இருந்தா வாந்தி வரும்."

"இத்தன வருஷம் டிரைவருக்கு வாழ்க்கப்பட்டு மயினிக்கு வாந்தியா?" என்றாள் சம்பந்தியம்மா. மறுபடி ஒரே சிரிப்பு. என் கணவரும் சிரித்தார். சம்பந்தி பெருந்தன்மையாக, "மயினியே முன்னால இருக்கட்டும்" என்று விட்டுக்கொடுத்தார். மகன் மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் டீசல் போட நானும் அவரும் போனோம். பங்க்கிலிருந்து வெளியே வந்து, வலதுபக்கம் திரும்பி மெயின் ரோட்டில் சேர வேண்டும். வாசலில் நிறுத்தினார். நான் உட்கார்ந்திருந்தது இடதுபக்கம். என் பக்கம் பார்த்தேன். லாரி ஒன்று போனது, ரோடு காலி. "ரைட்" என்றேன்.

வண்டி கிளம்பியது. வலதுபக்கமிருந்து ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். முன்னால் யூனிஃபார்ம் போட்ட சின்னப் பெண்பிள்ளை நின்றுகொண்டிருந்தது. நான் கத்தினேன். அவர் பிரேக்கை மிதித்துவிட்டார். அந்தப் பெண் ஸ்கூட்டரை ஒடித்துத் திருப்பி, ரோட்டோரக் கல்லில் உரசி, காலை ஊன்றி நின்றாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்களுக்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவில் ஒரு கை அகலம்தான் இருந்தது.

"கண்ணு எங்கவே இருக்கு உமக்கு? வண்டி ஓட்டத் தெரியாட்டி வீட்டுல கெடயும்!" என்று அவள் என் கணவரைப் பார்த்துக் கத்தினாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, வலதுபக்கம் அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை என்று. இடதுபக்கமும் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்ப்பதையே அவர் விட்டிருந்தார். நான் சொன்னால் போகலாம், அவ்வளவுதான் அவருக்கு. ஒரு மாசமாக அந்த வண்டியை ஓட்டியது நான். எனக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

அப்போதாவது சொன்னேனா? இல்லை. வீட்டுக்கு வந்தால் சம்பந்திமார் பெட்டியோடு வந்து இறங்கியிருந்தார்கள். மருமகள் முறுக்கைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். நான் புளிச்சோற்றுக்குத் தாளித்தேன். நாளைக்கு இரண்டு பக்கமும் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று தாளிக்கும்போது யோசித்துக்கொண்டிருந்தேன். சத்தியமாக இதைத்தான் யோசித்தேன். இப்போது நினைத்தாலும் என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

மறுநாள் காலை நன்றாக வெளுத்த பிறகு கிளம்பினோம். மகன் தேங்காய் உடைத்தான், நாலு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தான். எல்லோரும் ஏறினோம். மருமகள் எனக்குப் பின்னால் உட்கார்ந்து தன் அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்தாள். சம்பந்தி கண்ணை மூடிச் சாமி கும்பிட்டார். என் கணவர் இன்ஜினைப் போட்டார். ஸ்டியரிங்கில் கையை வைத்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

ஒரு வார்த்தைதான். அதைச் சொன்னால் ஆறு பேரும் புறப்பட்டுவிடுவோம். நான் கண்ணாடியில் பின்னால் இருந்தவர்களைப் பார்த்தேன். எல்லோரும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த வார்த்தை வரவில்லை.

"மக்கா, எறங்கு" என்றேன் மகனிடம். "எல்லாரும் எறங்குங்கோ. இவரு ஓட்டக் கூடாது."

"என்னம்மா?"

"இவருக்கு ரோடு தெரியல. நான் சொன்னாத்தான் வண்டி போவுது. நான் சொல்லாட்டி நிக்குது. நேத்து ஒரு பிள்ளைய இடிச்சிருப்போம். இத்தன நாளும் நான் உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன்."

"உனக்கென்ன கோட்டி பிடிச்சிருக்கா?" என்று மகன் எழுந்துவிட்டான். "அப்பா, நீங்க சொல்லுங்கப்பா."

அப்பா இன்ஜினை நிறுத்தினார். சாவியை அதிலேயே விட்டுவிட்டு இறங்கி, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். சம்பந்தியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சம்பந்தி மட்டும் உள்ளே போனார். கால்மணி நேரம் கழித்து என் கணவரின் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். உள்ளே என்ன பேசினார் என்று இன்றுவரை சொன்னதில்லை.

"டூரு நிக்கக் கூடாது. டிரைவர் ஒருத்தர வரச்சொல்லுங்க தம்பி" என்றார் மகனிடம். "நானும் அண்ணாச்சியும் கடைசி சீட்டுல இருந்துக்கிடுகோம்."

அப்படித்தான் போனோம். மகன் என்னோடு பேசவில்லை. என் கணவரும் பேசவில்லை. மதுரையில் சம்பந்தியின் விரலைப் பிடித்துக்கொண்டு பிராகாரம் சுற்றினார். பழனியில் மலையடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஊட்டிக்கு ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எனக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. பார்க்கவில்லை. சம்பந்தி முன்னால் வைத்து அந்த மனுஷனின் மானத்தை வாங்கிவிட்டேன், அதுவும் வண்டியின் டிரைவர் சீட்டில் வைத்தே வாங்கிவிட்டேன் என்று உள்ளுக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது. இனி என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் முதுமலையில் வனத்துறை வண்டியில் சஃபாரி ஏறினோம். இரண்டிரண்டு பேராக உட்காரச் சொன்னதில் அவர் என் பக்கத்தில் வந்துவிட்டார். காடு காய்ந்து கிடந்தது. புள்ளிமான்கள் வந்தன, ஒரு மயில் வந்தது. மூங்கில் புதர் ஒன்றின் பக்கம் டிரைவர் திடீரென்று வண்டியை நிறுத்தி இன்ஜினையும் அணைத்தார். பத்தடியில் ஒரு தாய் யானையும் குட்டியும் நின்றன. தாய் காதை விரித்து எங்கள் பக்கம் திரும்பியது. எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

என் கணவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதிந்தது. மூன்று நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"ஏட்டி."

"என்ன?"

"வண்டிய யாரு ஓட்டுகது?"

"பாரஸ்ட்டு டிரைவரு."

"நான் இல்லியே?"

"இல்ல. நீங்க இல்ல."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

எட்டி முன்னால் பார்த்தேன். காக்கிச்சட்டை போட்ட இளவயசு டிரைவர் யானையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். "நல்லாப் பாத்துட்டேன். நீங்க இங்க என் பக்கத்துல இருக்கிய" என்றேன்.

அவர் மூச்சை விட்டார். "நான்தான் ஓட்டுகேனோன்னு பயந்துட்டேன். பின்னால பிள்ளைங்க இருக்குல்லா" என்றார்.

அந்த இடத்தில்தான் எனக்கு எல்லாம் இடிந்து விழுந்தது. எனக்கு அவருடைய மானம்தான் கவலையாக இருந்தது. அவருக்கு அப்படி ஒரு கவலையே இல்லை. இந்தப் பயத்தை வைத்துக்கொண்டுதான் ஒரு மாசமும் அந்தச் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். தானாகச் சொல்ல வாய் வராமல், ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்திருக்கிறார். நான் போ போ என்று விரட்டியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. முன்னால் இருந்தவர்கள் யானையைப் பார்த்துப் பயந்து அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

யானையும் குட்டியும் புதருக்குள் போயின. வண்டி கிளம்பியது. கிளம்பியதும் அவர் பிடி மறுபடி இறுகியது.

"நான் இல்லியே?"

"இல்ல."

"சத்தியமா?"

அவர் உள்ளங்கையில் என் கையை வைத்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.